சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்

மன்றத்தின் மின்னஞ்சல் சேர்வருக்குப் புதுச் சான்றிதழ் போடுவது பத்து நிமிட வேலை என்று தயாபரன் முதல் நாளே வாயை விட்டுவிட்டான். பதுளையில் யாராவது பத்து நிமிட வேலை என்று சொன்னால், விவரம் தெரிந்தவர்கள் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள். தயாபரன் காலைச் சாப்பாடுகூட இல்லாமல் வந்திருந்தான். வேலையை முடித்துவிட்டுக் கீழே போய் இரண்டு வடையும் ஒரு பிளேன்டீயும் எடுப்பது அவன் திட்டம்.

ஊவா தோட்ட மக்கள் மன்றம் கடைவீதியில் ஒரு புடைவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கே நாற்காலிகளைவிடச் செயற்குழு உறுப்பினர்கள் அதிகம். உள்ளறை மேசையில் ஒரு பழைய கணினி, நெற்றியில் சந்தனப் பொட்டோடு இரவு பகலாக முனகிக்கொண்டிருக்கும். அதுதான் சேர்வர். தேயிலைத் தோட்டக் கிளைகளுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற கடிதமெல்லாம் அதன் வயிற்றுக்குள் கிடந்தன. சும்மா மின்னஞ்சல் கொடுக்கிற பெரிய கம்பனிகள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டவர்களுக்குத் தலைவர் ரெங்கசாமி ஒரே பதில் வைத்திருந்தார். "இத்தன தலைமுறையா சொந்த வீடு இல்லாம லயத்துல கெடக்குற சனம். சொந்தமா ஒரு சேர்வராவது இருந்துட்டுப் போகட்டுமே."

சான்றிதழ் விசயமும் அப்படித்தான். மின்னஞ்சல் பார்க்கப்போகிற போன் முதலில் சேர்வரிடம் "நீ யார்?" என்று கேட்கும். சேர்வர் தன் சான்றிதழை நீட்டும். அதிலே இருக்கிற கையெழுத்து தெரிந்த ஆளுடையது என்றால்தான் போன் கதவைத் திறந்து, வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேச்சை ஆரம்பிக்கும். அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வெளியே நிறுவனங்கள் இருந்தன. இலவசமாகக் கொடுப்பவையும் இருந்தன. தலைவர் ஒப்பவில்லை. "நம்ம ஆளுங்க பிரஜா உரிமைச் சான்றிதழுக்காக எத்தன கந்தோர் வாசல்ல நின்னாங்கன்னு தெரியுமா தம்பி? போதும். நம்ம சான்றிதழ நாமளே குடுப்போம்." ஆகவே மன்றம் தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டது. அந்தக் கையெழுத்தைக் கிளைச் செயலாளர்களின் போன்களுக்கெல்லாம் அறிமுகம் செய்துவைத்தவன் தயாபரன். ஒரு வருடம் ஒரு முணுமுணுப்பும் இல்லை. இன்று காலையோடு அந்தச் சான்றிதழ் காலாவதி.

செயற்குழு கூடுவதும் இன்றுதான். தயாபரனின் தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவதா, பொருளாளர் தர்மராசா மாஸ்டர் சொல்வதுபோல் மின்னஞ்சலைக் கொழும்புக் கம்பனி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்புவதா என்பதுதான் கூட்டத்தின் ஒரே விசயம். வீடு என்றால் வீடு இல்லை, வெலிமடையில் மாமாவின் மரக்கறி லொறி. லீக்ஸ் கட்டுகளை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், தம்புள்ளைச் சந்தையில் விலை படியாவிட்டால் மறுபடி ஏற்ற வேண்டும். முன்பொரு தடவை ஒரு வாரம் ஏற்றிப் பார்த்தான். அதன் பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சூப் நினைவு வந்தது.

கூட்டம் பதினொரு மணிக்கு. அதாவது தலைவரின் பதினொரு மணிக்கு. ஊரில் அப்போது பத்தரை. ரெங்கசாமி ஐயா ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களின் பெயரைப் பதிந்து வேலைக்கு அனுப்பிய கை. பிந்தி வந்தவர்களுக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், போடும். ஓய்வுக்குப் பிறகு அரைப்பேர் போட ஆள் கிடைக்காததால், மன்றத்துச் சுவர்க்கடிகாரத்தை அரை மணி முந்தி வைத்துவிட்டார். வருகிறவர்கள் எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்து, மனதுக்குள் அரை மணியைக் கழித்துக்கொண்டு, நிதானமாக உட்காருவார்கள். கழிக்கிறோம் என்பதே யாருக்கும் உறைப்பதில்லை.

தயாபரன் புதுச் சான்றிதழைப் போட்டு, சேர்வரை மறுபடி எழுப்பினான். முன்னறையில் எழுதுவினைஞர் விஜயலெட்சுமி அக்காவின் கணினியில் மின்னஞ்சல் அழகாகத் திறந்தது. "சோதனை" என்று தலைப்பிட்டு எல்லாக் கிளைகளுக்கும் ஒன்றை அனுப்பிவிட்டு, வடையை நினைத்தபடி தன் போனை எடுத்தான்.

போன் சொன்னது: பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை. சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்.

இந்த வசனத்தை உலகத்தில் யாரும் நம்பியதில்லை. காசு எடுக்கிற இயந்திரமும் சொல்லும், பரீட்சை முடிவு பார்க்கிற இணையத்தளமும் சொல்லும். எழுதியவனுக்கே அதில் நம்பிக்கை இருந்திருக்காது. தயாபரன் ஒரு நொடிகூடக் கழிக்காமல் மறுபடி முயற்சித்தான். போனும் தன் பேச்சை மாற்றவில்லை.

முதலில் வாசல்களைச் சந்தேகித்தான். கடிதம் எடுக்க ஒரு வாசல், 993. கடிதம் கொடுக்க ஒரு வாசல், 465. இரண்டும் ஆவென்று திறந்திருந்தன. அடுத்ததாகச் சான்றிதழில் இருந்த பெயரைச் சந்தேகித்தான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடியிருக்குமோ, குறைந்திருக்குமோ? தோட்டத்தில் பிறந்தவனுக்கு இந்தப் பயம் இரத்தத்தில் உண்டு. அவன் பெயரே பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. சேர்வரின் பெயரில் பிழை இல்லை. இருந்தாலும் மனம் கேளாமல் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு சான்றிதழ் போட்டான். "மறுபடி சோதனை" என்று அனுப்பினான்.

அலுவலகத்துக் கணினிகள் அதையும் ஏற்றுக்கொண்டன. போன் அதையும் ஏற்கவில்லை.

"என்ன தயா, பத்து நிமிசம் முடிஞ்சிருச்சா?" என்றாள் விஜயலெட்சுமி, தலையைத் திருப்பாமல்.

"முடிஞ்சிரும்க்கா."

"இன்னைக்கான்னு கேட்டேன்." பிறகு கொஞ்சம் இரங்கினாள். "என்னோடதுல நல்லா வருதே?"

"அதுதான்க்கா பிரச்சினை."

"வர்றதா பிரச்சினை?"

"உங்களுக்கு மட்டும் வர்றது. யாருக்குமே வரலைன்னா காரணத்தக் கண்டுபிடிச்சிரலாம்."

"அப்ப நான் நல்லா இருக்கறது உனக்குப் பொறுக்கல," என்று சொல்லிவிட்டு அவள் தட்டச்சைத் தொடர்ந்தாள்.

அலுவலகத்து இணைப்பில் கோளாறோ என்று மொட்டைமாடிக்கு ஏறினான். போனின் சொந்த இணைப்பைப் போட்டு, நமுனுகுலை மலையைப் பார்த்து உயர்த்திப் பிடித்தான். நான்கு கோடும் நிறைந்திருந்தது. சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும் என்றது போன். கீழே இறங்கி வந்து, பழைய போன்களுக்கும் விளங்குகிற மாதிரி வேறு வகைப் பூட்டோடு மூன்றாவது சான்றிதழ் போட்டான். "மூணாவது சோதனை." போனிலிருந்த மின்னஞ்சல் செயலியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக இறக்கினான். கடவுச்சொல்லை அடித்தான். போன் அவனை முன்பின் பார்த்திராததுபோல் மரியாதையாக அதே வசனத்தைச் சொன்னது.

அந்த நேரத்தில் படியேறி வந்தார் பெரியாயி. பூனாகலைக் கிளையின் செயலாளர்; கொழுந்து எடுப்பவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வந்ததும் வராததுமாக போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நேத்து சாயந்தரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. நீ என்னா செஞ்ச?"

"புதுச் சான்றிதழ் போட்டேன் பெரியாயிக்கா."

"பழச என்னா செஞ்ச?"

"அது காலாவதியாயிருச்சு."

"பழசு இருந்தப்ப வந்துச்சு, புதுசு வந்தப்ப வரல. இதுக்குப் பேருதான் படிப்பா?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீயும் நம்ம தோட்டத்துப் புள்ள. நீ போயிட்டா அந்தக் கொழும்புக்காரன் எனக்கு போன்ல சிங்களத்துலயும் இங்கிலீசுலயும் வெளக்கம் சொல்லுவான். நான் என்னத்தன்னு கேப்பேன்? சரி பண்ணு தம்பி."

ஏற்கெனவே பசித்த வயிற்றில் இதுவும் போய் உட்கார்ந்தது. நான்காவது சான்றிதழ். "பெரிய சோதனை." பெரியாயியின் போனும் மறுத்தது. அவருக்குப் பின்னால் வந்த லுணுகலைக் கிளைக்காரரின் போனும் மறுத்தது. இரண்டும் வேறு வேறு கம்பனி, வேறு வேறு விலை, ஒரே பிடிவாதம்.

தர்மராசா மாஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கு ஆசிரியராக வந்து, பதுளையிலேயே ஓய்வு பெற்று, பதுளைக் குளிரைக் குறை சொல்லிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். கெட்ட மனிதர் இல்லை. விடை பிழையென்றால் பாதிப் புள்ளியும் கொடுக்கமாட்டார், அவ்வளவுதான்.

"என்ன தம்பி, இன்னும் சரிவரேல்லையோ?"

"கொஞ்சம் பொறுங்க மாஸ்டர்."

"நான் பொறுப்பன். கூட்டம் பொறுக்காது. கொழும்புக் கம்பனிக்காரர் உதுக்கெண்டே ஒரு ஆளை வச்சிருக்கினம்."

"இங்கயும் உதுக்குன்னே ஒரு ஆள வச்சிருக்கீங்க மாஸ்டர்."

"அதைத்தானே இண்டைக்குக் கதைக்கப்போறம்," என்றார் மாஸ்டர், மிக அன்பாக.

தயாபரன் இணையத்தில் தேடினான். அங்கே இதே நோவு வந்தவன் ஒருவன், வரிக்கு வரி இதையே எழுதி அழுதிருந்தான். அடியில் அவனே ஒரு பதில் போட்டிருந்தான்: "சரியாகிவிட்டது, நன்றி." எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. அந்த ஆள் எந்த நாட்டில் இருந்தாலும் அவன் தலையில் ஒரு லொறி லீக்ஸ் விழ வேண்டும் என்று தயாபரன் மனதார வேண்டிக்கொண்டான். பிறகு "முருகா" என்று தலைப்பிட்டு ஒரு சோதனை அனுப்பினான். அதுவும் போய்ச் சேரவில்லை. முருகனுக்கும் வேறு வாசல்போலும்.

கடைசியாக ஒரு சான்றிதழ் போட்டான். இம்முறை எதையும் மாற்றவில்லை. கை பழக்கத்தில் போட்டது. "இதுவும் வராது, தெரியும்" என்று தலைப்பிட்டு அனுப்பினான். வரவில்லை. கணித்தது பலித்ததில்கூட ஒரு சந்தோசமும் இல்லை. உள்ளறைக் கதிரையில் சாய்ந்து மாமாவை அழைத்தான்.

"மாமா, லொறிக்கு ஆள் வேணுமா?"

"எப்பவும் வேணும். என்னடா, வெரட்டிட்டானுங்களா?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல. பன்னெண்டு மணி பஸ்ல ஏறுறேன்."

"யாரு பன்னெண்டு?"

"என்னது?"

"உங்க ஆபீசு பன்னெண்டா, ஊரு பன்னெண்டா? போன தடவ நீ சொன்னத நம்பி வந்து பாத்தா, நீ அரை மணியா ஸ்டாண்டுல குந்திக்கிட்டுக் கொட்டாவி விட்டுக்கிட்டிருந்த."

ஊர் பன்னிரண்டு என்று சொல்ல வாயெடுத்த தயாபரன், இப்போது மணி எத்தனை என்று பார்க்க எதிரே இருந்த சேர்வரின் திரைமூலையை எட்டிப் பார்த்தான். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். மனம் வழக்கம்போல் அரை மணியைக் கழித்தது. கழித்து முடித்த பிறகுதான், எதிலிருந்து கழித்தோம் என்று யோசித்தது. சுவர்க்கடிகாரம் இருப்பது முன்னறையில். அவன் பார்த்தது சேர்வரை.

"மாமா, அப்புறம் எடுக்குறேன்."

"டேய், லீக்ஸு..."

"அக்கா!" என்று கத்தினான். "இந்தக் கம்ப்யூட்டர் நேரத்த யாரு மாத்துனது?"

விஜயலெட்சுமி வாசலில் வந்து நின்றாள். "ஐயாதான். போன வாரம். சுவத்துல ஒரு நேரம், மெசின்ல ஒரு நேரமான்னு சத்தம் போட்டாரு. அது தானா சரி பண்ணிக்கும் ஐயான்னேன். அந்தத் தானாவ நிறுத்துன்னாரு. நிறுத்திட்டேன். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். ஏன், தப்பா?"

தயாபரனுக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. சான்றிதழில் காலாவதித் திகதி மட்டும் இருப்பதில்லை. எந்த நேரத்திலிருந்து செல்லும் என்பதும் இருக்கும். அந்த நேரத்தைச் சேர்வர் தன் கடிகாரத்தைப் பார்த்து எழுதும். சேர்வரோ தலைவர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் நேரத்தில் இருக்கிற போன் அதை வாங்கிப் பார்த்தால், இன்னும் அரை மணி கழித்துப் பிறக்கப்போகிற சான்றிதழ். பிறக்காத ஒன்றை யார் நம்புவார்? அலுவலகத்துக் கணினிகள் நம்பின, ஏனென்றால் அவையும் தலைவர் நேரத்தில்தான் வாழ்ந்தன. மன்றத்துக்கு வருகிற மனிதர்கள் எல்லோருக்கும் அரை மணியைக் கழிக்கத் தெரிந்திருந்தது. போன்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவன் சும்மா இருந்திருந்தால் முதல் சான்றிதழே அரை மணியில் பிறந்து வேலை செய்திருக்கும். வடை சாப்பிடப் போயிருந்தாலே போதும். அவனோ ஒவ்வொன்றையும் பிறப்பதற்கு முன்பே அழித்துவிட்டு அடுத்ததைப் போட்டிருந்தான். காலையிலிருந்து அந்த போன் ஒரே உண்மையைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறது. உலகத்திலேயே முதல் தடவையாக அந்த வசனம் சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது. நம்பத்தான் ஆள் இல்லை.

நேரத்தைத் திருத்திவிட்டு ஒரு சான்றிதழ் போட்டால் முடிந்தது. மவுசில் கை வைத்தான்.

"மெசின விடு தம்பி, மணி பதினொன்னு," என்று தலைவர் ரெங்கசாமி உள்ளே வந்தார். பின்னாலேயே செயற்குழுவும் கிளைச் செயலாளர்களும். தலைவரின் கதிரை சேர்வருக்கு முன்னால்தான். அவர் அதில் உட்கார்ந்து, திரைமூலையில் மணியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

கடைசியாகப் போட்ட சான்றிதழ் பிறக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

தர்மராசா மாஸ்டர் எழுந்தார். மூன்று வசனத்தில் விசயத்தைச் சொல்லி உட்கார்ந்தார். மாஸ்டர் இன்னும் கொஞ்சம் நீட்டிப் பேசமாட்டாரா என்று தயாபரன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஏங்கினான்.

"சரி," என்றார் தலைவர். "தயாபரன், ஒரே வார்த்தைல சொல்லு. போன்ல மெயில் வேல செய்யுதா?"

"செய்யும்ங்க ஐயா."

"செய்யுதான்னு கேட்டேன். செய்யும்ங்கற."

கணக்கு வாத்தியாராக இருந்தாலும் மாஸ்டருக்கு இலக்கணமும் தெரியும். "எதிர்காலம்," என்றார் அமைதியாக.

ஒரு வினைமுற்றில் வேலை போகப்போகிறது என்று தயாபரனுக்கு வியர்த்தது. வாயில் வந்ததைச் சொன்னான். "ஐயா, அதுக்கு முன்னால ஒன்னு. புதுசா வந்த கிளைக்காரங்களுக்கு, நம்ம சேர்வர் ஏன் வந்துச்சுங்கற கதையே தெரியாதாம். நீங்க ரெண்டு வார்த்த சொன்னா..."

விஜயலெட்சுமி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். லுணுகலைக்காரர் தனக்குத் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்து, தயாபரனின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டார். தலைவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமினார்.

முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த கப்பலில் இருந்து ஆரம்பித்தார். அவர்களை மன்னாரில் இறக்கினார். காட்டு வழியாக நடத்தினார். காப்பி அழிந்து தேயிலை வந்தது. மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; தயாபரன் போனைப் பார்த்தான். பத்துக்குப் பத்து அடி லயக் காம்பராவில் தலைவர் சற்று நேரம் தங்கினார். இப்படித் தங்குவார் என்றுதான் தயாபரன் நம்பியிருந்தான். பிறகு பிரஜா உரிமை பறிபோன இடத்துக்கு வந்து, குரலை உயர்த்தி, "ஒரு சான்றிதழ்! ஒரேயொரு சான்றிதழ் இல்லாததால..." என்றபோது பெரியாயியின் போன் டிங் என்றது.

தலைவர் நிறுத்தினார். போன் மறுபடி டிங் என்றது. லுணுகலைக்காரரின் போனும் சேர்ந்துகொண்டது. சட்டைப்பைகளிலும் கைப்பைகளிலும் டிங், டிங்.

பெரியாயி போனைத் தூரப் பிடித்து வாசித்தார். "‘சோதனை.’ ‘மறுபடி சோதனை.’ ‘மூணாவது சோதனை.’ ‘பெரிய சோதனை.’ ‘முருகா.’" நிமிர்ந்து பார்த்தார். "என்னா தம்பி, ஒரு காலையில இவ்வளவு சோதனையா ஒனக்கு? இன்னும் ஒன்னு இருக்கு. ‘இதுவும் வராது, தெரியும்.’ வந்திருக்கே!"

"பாத்தீங்களா?" என்றார் தலைவர், சபையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து. "நான் பேசப் பேசவே வருது."

"அப்ப ஒவ்வொரு நாளும் நீங்கள் பேச வேணுமோ?" என்றார் மாஸ்டர். ஆனாலும் விடை சரியென்றால் புள்ளி கொடுக்கிறவர் அவர். கொழும்புக் கம்பனி யோசனையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். தயாபரன் நிரந்தரமானான்.

எல்லோரும் போன பிறகு, நிரந்தர ஊழியன் தலைவரிடம் உண்மையைச் சொன்னான். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, என் கடிகாரம்தான் பிழைங்கற."

"பிழைங்கல ஐயா. முந்தி இருக்கு."

"முந்தி இருக்கறது எப்படிப் பிழையாகும்? இந்த மன்றம் இது வரைக்கும் ஒரு பஸ்ஸத் தவற விட்டிருக்கா? கடிகாரத்துல யாரும் கை வைக்கப்படாது." எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "மத்தத நீ பாத்துக்க. அதுக்குத்தான் ஒன்ன நிரந்தரமாக்கியிருக்கு."

தயாபரன் சேர்வரின் முன்னால் உட்கார்ந்தான். கடிகாரத்தைத் திருத்தவும் முடியாது, இப்படியே விடவும் முடியாது. நேர அமைப்பைத் திறந்தபோது ஓர் உலகப் படம் வந்தது; இலங்கைமேல் ஒரு சிவப்புப் புள்ளி. சும்மா அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். வங்காள விரிகுடாவைத் தாண்டி டாக்காவில் விட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த ஊர் இலங்கையைவிட அரை மணி முந்தி. சரியாக அரை மணி.

தானாகச் சரிபார்க்கிறதை மறுபடி இயக்கினான். இனி மெசின் உள்ளுக்குள் உலகத்தோடு ஒத்துப்போகும். முகத்தில் மட்டும் டாக்கா நேரம் காட்டும். தலைவர் நேரம் என்று அவர் நினைத்துக்கொள்ளலாம். புதுச் சான்றிதழ் ஒன்று போட்டான். போன் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டது. நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு நாடு கடத்திய நாட்டில், ஒரு கணினியை நாடு கடத்தியதை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று தயாபரன் நம்பினான்.

தலைவர் கவனித்தார். அடுத்த வாரம் மணி பார்க்கப் போன இடத்தில் எதையோ அழுத்தியிருக்கிறார்; படம் திறந்துகொண்டது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"தயா, நம்ம புள்ளி ஏன்டா வங்காளத்துல கெடக்கு?"

வாயிலிருந்த வடையைத் தயாபரன் மெதுவாக விழுங்கினான். "அங்க எல்லாரும் நம்மளவிட அரை மணி முந்தியே எந்திரிச்சிடுறாங்க ஐயா."

தலைவர் கண்ணாடியை இறக்கி, இன்னொரு தடவை அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"ஒழுக்கமான சனம்," என்றார். "அங்கயே இருக்கட்டும்."